அடுப்படியிலிருந்து ஆரம்பிப்போம்

ஹட்டன் வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறியவர்கள் எல்லோருக்கும் நல்லதண்ணியைத் தெரியும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை அங்கே இரவு பகல் வித்தியாசம் இல்லை. படிகள் தொடங்குகிற இடத்தில் வரிசையாகக் கடைகள். அகன்ற இரும்புத் தட்டுகளில் ரொட்டி வெந்துகொண்டேயிருக்கும். ஒரு கடைக்காரரைச் சற்று நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். தட்டின் அளவுக்கு ஏற்ற அடுப்பு. காய்ந்த விறகு. தேநீர்த் தண்ணீர்க் கேத்தலுக்கு இறுக்கமான மூடி. கைக்கெட்டும் தூரத்தில் தீட்டிய கத்தி. வீணாகும் ஒவ்வொரு கட்டை விறகும் தம் இலாபத்திலிருந்து போகிறது என்று அவருக்குத் தெரியும்.

அங்கிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் லயங்கள் வந்துவிடும். அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, பிரட்டுக்குப் போகுமுன் ஏழு பேருக்கு ரொட்டி சுட்டுச் சம்பலும் அரைத்து வைக்கும் தாயை அங்கே பார்க்கலாம். மூன்று கற்கள், ஈர விறகு, மூடியில்லாத சட்டி, மழுங்கிய கத்தி. கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருக்கும். அவர் செய்யும் வேலையும் கடைக்காரரின் வேலைதான். ஆனால் அவருக்குச் சம்பளமில்லை; ஆகவே அந்த வேலைக்கு வேண்டிய கருவிகளுக்கும் கணக்கில் இடமில்லை. இந்தப் பாடத்தில் நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

இவ்விதழை வாசிக்கும் உங்களில் பலர் அடுப்பை விட்டுவிட்டு வந்தவர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலையகத்தின் பல இடங்களில் சரிவுகள் இறங்கின. மரக்கறித் தோட்டங்களும் வீடுகளும் சேர்ந்தே போயின. அதற்கு முன்னர் 1977, 1983 வன்செயல்களில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். மஸ்கெலியாக்காரருக்கோ இது இன்னும் பழைய கதை. 1969இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. நீர் வற்றும் காலங்களில் அந்தப் பழைய கோயிலின் கற்கள் இன்றும் வெளியே தெரிகின்றன.

அவசரமாக வெளியேறுகிறவர்கள் கையில் என்ன வருகிறது? பிள்ளை, அடையாள அட்டை, ஒரு பை துணி, முடிந்தால் ஒரு குக்கர். அம்மியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை.

பிறகு நிவாரணம் வரும். ஒருமுறை மண்சரிவுக்குப் பின் பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களுக்குச் சமையல் பாத்திரப் பொதிகளைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. நகரத்தில் யாரோ நல்ல மனதோடு கட்டி அனுப்பியவை. பிரித்துப் பார்த்தால் மூன்று பேருக்கு மட்டும் போதுமான சோற்றுப்பானை, ஒன்றுக்கும் மூடி கிடையாது, மின்சாரமில்லாத இடத்துக்கு மின்கேத்தல். பகிர்ந்தளித்துக் கையெழுத்தும் வாங்கிப் படமும் எடுத்துக்கொண்டோம். மறுவாரம் போனபோது மின்கேத்தலில் உப்புப் போட்டு வைத்திருந்தார்கள். அனுப்பியவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பொதியைக் கட்டுமுன் சமைக்கிற ஒரு பெண்ணிடமாவது கேட்டிருக்கவேண்டும். அதைச் சொல்லவேண்டிய நாமும் சொல்லவில்லை.

ஆகவே, கையில் சிறிதளவே பணம் வைத்துக்கொண்டு புதிதாக ஒரு சமையலறையைத் தொடங்குகிறவர் எதை முதலில் தேடுவது? எமது அனுபவத்தில், நெருப்பைத்தான். நல்ல அடுப்பு, காய்ந்த விறகு, மூடி. மற்றவை பிறகு.

அடுப்பு

மூன்று கல் அடுப்பு கேவலமானதல்ல. காசு செலவில்லை, எந்தப் பாத்திரமும் அதில் உட்காரும், எங்கே போனாலும் கல் கிடைக்கும். இடம்பெயர்ந்த முதல் நாளிரவு அதுதான் சோறு போடுகிறது. ஆனால் காற்று நாலா பக்கமும் புகுந்து வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. விறகு எரிந்து வரும் வெப்பத்தில் பெரும்பகுதி பாத்திரத்தைத் தொடாமலே போய்விடுகிறது. முழுதாக எரியாத விறகு புகையாகிறது. வீட்டுக்குள் அடுப்புப் புகையினாலும் அதுபோன்ற மாசுக்களாலும் உலகில் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தாயின் இடுப்பில் இருந்துகொண்டே அந்தப் புகையைக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு நிமோனியா வரும் ஆபத்து அதிகம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலும் இஸ்தோப்பிலும் சமைத்து வளர்ந்த எமக்கு, சுவரில் படிந்த கரி சாதாரணமாகவே தெரிந்தது. அதே கரி நெஞ்சிலும் படிகிறது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

இலங்கையில் இதற்கு ஒரு நல்ல விடை ஏற்கனவே உண்டு. ‘அனகி’ என்ற மண் அடுப்பு. சிங்களத்தில் ‘அனகி’ என்றால் விலைமதிப்பற்றது என்று பொருள். 1980களில் இலங்கை மின்சார சபையும், பொருளியல் அறிஞர் ஷுமாக்கர் 1966இல் பிரித்தானியாவில் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப நிறுவனமும் முயற்சி எடுத்து, சர்வோதய இயக்கத்தின் முந்திய அடுப்பு வேலைகளின் அனுபவத்தையும் வைத்து உருவாக்கியது. ஒரே வாயில் விறகு வைக்கவேண்டும். முதல் பாத்திரத்துக்குக் கீழ் எரியும் நெருப்பின் வெப்பம் ஒரு சிறு சுரங்க வழியாக இரண்டாவது பாத்திரத்துக்குப் போகும். சோறு கொதிக்கும்போதே பக்கத்தில் பருப்போ கீரையோ வேகும். முறையாகப் பாவித்தால் மூன்று கல் அடுப்போடு ஒப்பிடும்போது விறகில் மூன்றிலொரு பங்கு வரை மிச்சமாகும்.

இந்த அடுப்பு பரவிய விதத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. இந்தியாவில் 1980களில் அரசாங்கம் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் 3 கோடிக்கும் மேற்பட்ட திருந்திய அடுப்புகள் மானியத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டன. கட்டியவர் போய்விட்டார், வெடித்ததைப் பூசவும் அடைத்த குழாயைத் துப்புரவாக்கவும் ஆளில்லை. பல இடங்களில் பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பினர். 2002இல் மத்திய அரசு அத்திட்டத்தை நிறுத்திக்கொண்டது. அனகி அடுப்பைக் குயவர்கள் செய்தார்கள், கடைக்காரர் விற்றார்கள், மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். உடைந்தால் சந்தையில் இன்னொன்று இருந்தது. இலவசமாக வந்தது போய்விட்டது. விலை கொடுத்தது நிலைத்தது. நிவாரண வேலையில் இருக்கும் எம்மைப் போன்றவர்களுக்கு இது கசப்பான செய்திதான்.

வாங்கியதை அப்படியே தரையில் வைத்துச் சமைக்கலாகாது. வெறும் மண் ஓடு சீக்கிரம் வெடித்துவிடும். புற்றுமண் அல்லது களிமண்ணோடு சாணியும் உமியும் சேர்த்துப் பிசைந்து, சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் பூசவேண்டும். மலைநாட்டில் உமிக்கு எங்கே போவது என்பீர்கள். காய்ந்த புல்லைப் பொடியாக நறுக்கிப் போட்டாலும் சரி. நிழலில் சில நாட்கள் காயவிட்டு, பிறகு சிறு சுள்ளிகளால் மெதுவாகச் சூடேற்றுங்கள். முதல் நாளே பெருநெருப்பு மூட்டினால் பூச்சு பிளந்துவிடும். வெடிப்பு விழுந்தால் அன்றே பூசுங்கள்.

எமது தவறொன்றையும் சொல்லவேண்டும். இரட்டை வாய் மண் அடுப்புகளை ஒரு லயத்தில் உற்சாகமாகப் பூசிக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் போனால் பாதி வீடுகளில் அடுப்பின் மேல் பூனை படுத்திருந்தது. பக்கத்தில் மூன்று கற்களில் நெருப்பு எரிந்தது. வயதான ஓர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “சாமி, அடுப்பு நல்லாத்தான் இருக்கு. ரொட்டித் தட்டு மட்டும் அதுல உக்கார மாட்டேங்குது. நீங்களே ஒரு நாளைக்கு வந்து சுட்டுக் காட்டுங்க.” சோற்றுப்பானையை அளந்தே நாம் அடுப்பைத் திட்டமிட்டிருந்தோம். தோட்டத்து வீட்டில் காலையிலும் பல வீடுகளில் இரவிலும் ரொட்டிதான் என்பது தெரிந்திருந்தும் அளக்கவில்லை. அகன்ற தட்டுக்குக் கீழ் பரவலான தணல் வேண்டும். பிறகு அந்த அம்மாவையே கேட்டு, முதல் வாயின் விளிம்பில் தட்டு தங்குவதற்கு மூன்று மண் குமிழ்கள் வைத்தோம். இன்றும் அடுப்பு பூசப் போகும்போது முதலில் அந்த வீட்டு ரொட்டித் தட்டைத்தான் கேட்டு வாங்குகிறோம்.

மண்ணெண்ணெய் அடுப்பையோ கேஸையோ பழிக்க நாம் வரவில்லை. புகையில்லாதது பெரிய காரியம். ஆனால் 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானதை மறக்கமுடியாது. அதே ஆண்டு கேஸ் சிலிண்டருக்குக் கொழும்பில் நாட்கணக்காக வரிசையில் நின்றவர்களும் விறகடுப்பைத் தேடி வாங்கினார்கள். கேஸ் இருக்கிற வீட்டிலும் ஒரு நல்ல விறகடுப்பு இருக்கட்டும்.

விறகு

விறகு ஒரு கருவியா என்று கேட்கலாம். ஈர விறகில் சமைத்தவர் கேட்கமாட்டார். பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர் இருக்கக்கூடும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் பலம் செலவாகிறது. சோற்றுக்கு மிச்சம்தான் வருகிறது. மழைக்கு முன்பே கவ்வாத்து மிலாறைச் சேர்த்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, மேலே தகரமோ பொலித்தீனோ போட்டு, பக்கங்களில் காற்றோட்டம் விட்டு அடுக்கி வைத்தால் ஆடி மழையிலும் அடுப்பு எரியும். கட்டைவிரல் தடிப்புக்குப் பிளந்த விறகு தடித்த கட்டையை விட நன்றாக எரியும். அடுப்புக்கு மேல் பரண் போட்டு உலர்த்துகிறவர்கள் தீப்பொறியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

காட்டு விளிம்புக்கு விறகு தேடிப் போவதில் வேறு சிக்கல்களும் உண்டு. நல்லதண்ணிக்கு மேலேயுள்ள வனம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. 2010 முதல் உலக மரபுரிமைப் பிரதேசத்திலும் அடங்குகிறது. பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணிகளும் அங்கே உண்டு. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் அப்படியொரு கண்ணியில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கிப் பின்னர் இறந்தது. கண்ணிக்குச் சிறுத்தை என்றும் தெரியாது, விறகுக்குப் போன பெண்ணின் கால் என்றும் தெரியாது. விறகு குறைந்தால் காட்டுக்குப் போகும் நடையும் குறையும்.

மூடி

சமையலறையில் மிக மலிவான கருவி மூடி. மலைநாட்டில் அதன் மதிப்பு இன்னும் அதிகம். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. உயரம் கூடக்கூட காற்றின் அமுக்கம் குறைவதால் கொதிநிலையும் குறையும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை. நல்லதண்ணியின் உயரத்தில் 96 பாகையளவிலேயே தண்ணீர் கொதித்துவிடும், நுவரெலியாவில் 94. கொழும்பில் அரைமணியில் வேகும் கடலை இங்கே அடம்பிடிப்பது கடலையின் குற்றமல்ல. மூடி இதை முழுதாகத் தீர்க்காது. ஆனாலும் ஆவியோடு போகும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சட்டிக்கு மூடி இல்லாவிட்டால் அடிதட்டையான இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மேலே வையுங்கள்; குளிக்க வெந்நீரும் கிடைக்கும்.

முழுதாகத் தீர்ப்பது பிரஷர் குக்கர். 1679இல் டெனிஸ் பபான் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த நீராவிப் பாத்திரத்தின் பேரப்பிள்ளை இது. உள்ளே ஆவியை அடைத்து அமுக்கத்தைக் கூட்டுவதால் தண்ணீர் 120 பாகையளவு வரை சூடேறும். மலைநாட்டு விவசாயக் குடும்பம் கையில் காசு சேர்ந்தவுடன் வாங்கவேண்டிய முதல் பொருள் இதுவென்றே சொல்வோம். பழையதை வாங்குவதானால் இரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். விசில் துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரியவேண்டும். பாதுகாப்பு வால்வுக்குப் பதிலாக ஆணி, ஈயத்துண்டு எதையும் அடைக்கவேண்டாம். பருப்பு வகையானால் பாதியளவுக்கு மேல் நிரப்பக்கூடாது. விறகடுப்பில் வைப்பவர்கள் சாம்பலைக் குழைத்து வெளிப்புறம் பூசினால் கரி சுலபமாகக் கழன்றுவரும். கைப்பிடியின் பக்கம் தீ நாக்கு போகாமல் விறகை உள்ளே தள்ளி வையுங்கள்.

குக்கர் வாங்க முடியாதவர்களுக்குக் காசில்லாத ஒரு முறை: பெட்டிச் சமையல். உலக யுத்த காலங்களில் எரிபொருள் தட்டுப்பாட்டில் ஐரோப்பியக் குடும்பங்கள் வைக்கோல் பெட்டியில் சமைத்தன. எமக்கு வைக்கோலுக்குப் பதிலாக மானாப்புல்லும் பழைய கம்பளியும் போதும். ஒரு மரப்பெட்டியோ பெரிய கூடையோ எடுத்து, அடியிலும் பக்கங்களிலும் காய்ந்த புல்லை நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் இறுக்கி, நடுவில் பானைக்குப் பள்ளம் விடுங்கள். அரிசியை மூடியோடு ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதிப்போடு பெட்டிக்குள் வைத்துக் கம்பளியால் இறுக மூடினால் முக்கால் மணிக்குள் சோறு வெந்திருக்கும். நடுவே திறந்து பார்க்கலாகாது. ஆறிப்போயிருந்தால் மறுபடி கொதிக்கவைத்தே உண்ணவேண்டும். போஞ்சி பயிரிடுகிறவர்கள் காய்ந்த விதையைச் சமைப்பதானால் ஒன்று கவனியுங்கள்: இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, பத்து நிமிடமாவது பலமாகக் கொதிக்கவைத்த பின்புதான் பெட்டிக்குள் வைக்கவேண்டும். சரியாகக் கொதிக்காத போஞ்சி விதையில் வயிற்றைக் கலக்கும் நஞ்சு உண்டு.

அம்மி, கத்தி, துருவி

அம்மியைப் பற்றிக் கேட்டால் மூத்த பெண்கள் ஊர்க்கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதில் நியாயமுண்டு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் இந்த மலையில் வீடென்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியது அம்மியை வைத்த நாளிலிருந்தாகவும் இருக்கலாம். ஓடுகிறவரோடு வராத பொருள் அதுதானே. தற்காலிக கொட்டில்களில் பீலிக்கரையிலிருந்து எடுத்த தட்டைக் கல்லிலும் உருண்டைக் கல்லிலும் சம்பல் அரைப்பதைப் பார்த்திருக்கிறோம். அது போதும், சில காலத்துக்கு. புதிய அம்மி வாங்கினால் முதலில் ஒரு கைப்பிடி அரிசியை அரைத்துக் கழுவி ஊற்றுங்கள். அரைத்தது வெள்ளையாக வரும்வரை மறுபடியும் அரைத்தால் கல்துகள் போய்விடும். வழுவழுப்பாகிவிட்டால் கொத்தவேண்டும். ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரு நல்ல அம்மியைப் பொது இடத்தில் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. அங்கே சண்டையும் வரும், செய்தியும் வரும்.

கத்தியில் ஓர் அநியாயம் உண்டு. கவ்வாத்துக் கத்தியை ஆண்கள் தினமும் தீட்டுகிறார்கள். தீட்டுவதற்குக் கல்லும் உண்டு, நேரமும் உண்டு. அதே வீட்டில் மீன் வெட்டும் கத்தி ஒரு வருடமாகக் கல்லைக் கண்டிருக்காது. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அழுத்தி வெட்டவேண்டியிருக்கிறது. கவ்வாத்துக் கத்தியோடு வீட்டுக் கத்தியையும் சேர்த்துத் தீட்டுவது ஐந்து நிமிட வேலை. தகப்பன்மார் இதை வாசிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

தேங்காய் துருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பல் தேய்ந்ததை அரத்தால் தீட்டலாம், புதிது வாங்க அவசரமில்லை. மேசையில் பூட்டிச் சுழற்றும் துருவி வேகமானது, மேசை இருந்தால். பாத்திரங்களில் மண்சட்டி குழம்புக்கு நல்லது: புதியதை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசிக் கஞ்சி காய்ச்சி இறக்கிய பின் பாவியுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் புளி, கொறக்கா போட்ட கறியை இரவு முழுக்க வைக்கவேண்டாம். பழைய இரும்பு, பித்தளை, கழிவுத் தகடெல்லாம் உருக்கி வார்த்த மலிவுப் பாத்திரங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

குழுவில் செய்து பார்க்க

மாதர் சங்கக் கூட்டத்தில் இப்பாடத்தை வாசித்தபின் ஒரு வாரத்துக்கு இதைச் செய்து பாருங்கள். இரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்றில் மூன்று கல் அடுப்பு, மற்றதில் பூசிய அடுப்பும் மூடியும். இரண்டு வீட்டிலும் ஒரே எண்ணிக்கையானவர்கள் இருந்தால் நல்லது. கொழுந்து நிறுக்கும் தராசு கிடைத்தால் தினமும் காலையில் எடுத்துவைக்கும் விறகை நிறுங்கள். இரவில் மிஞ்சியதைக் கழியுங்கள். தராசு இல்லாவிட்டால் ஒரே அளவான கட்டுகளாகக் கட்டி எண்ணுங்கள். சமைக்க எடுத்த நேரத்தையும் பிள்ளைகளில் ஒருவர் கொப்பியில் எழுதட்டும்.

வார முடிவில் கணவன்மாரையும் அழைத்து அந்தக் கொப்பியை வாசியுங்கள். மிச்சமான விறகு எத்தனை கட்டு? அதைச் சுமந்து வர எத்தனை நடை? உங்கள் வீட்டில் கடைசியாக வாங்கிய பொருள் என்ன, அதை வாங்குவதென்று முடிவு செய்தவர் யார்? புதிய காணியில் வீடு கட்டப்போகிறவர்கள், வரைபடத்தில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது, புகை எந்தப் பக்கம் போகும் என்று மேசனிடம் கேட்டீர்களா? கேட்டது நீங்களா, அந்த வீட்டில் சமைக்கப்போகிறவரா?